காருக்குள் வைனைல் ஸ்டிக்கர்: நம்ம ஊர் வெயிலில் கழலாமல் ஒட்டுவது எப்படி?

கல்முனையில் இருந்து வந்த கேள்வி சுருக்கமாக இது. வேகன் ஆர் ஒன்றின் கதவு சுவிட்ச் பனல்களும் நடு டாஷ்போர்டின் வெள்ளி நிறப் பகுதியும் கீறுப்பட்டுப் போய்விட்டன. கார்பன் டிசைன் ஸ்டிக்கர் வாங்கி வீட்டிலேயே ஒட்டியிருக்கிறார். இரண்டு மாதத்துக்குள் மூலைகள் கிளம்பிவிட்டன, பள்ளமான இடங்களில் ஸ்டிக்கர் பனலை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. திரும்ப ஒட்டுவதற்கு நல்ல பசை ஏதும் இருக்கிறதா, அல்லது கடையில் கொடுப்பதுதான் சரியா என்று கேட்கிறார்.

வீட்டில் தாராளமாக ஒட்டலாம். வேறு பசை தேட வேண்டாம். கழன்றதற்குக் காரணம் பெரும்பாலும் பசையின் குறை அல்ல. ஃபிலிமை இழுத்து ஒட்டியதும், அடியில் டாஷ்போர்ட் பொலிஷின் எண்ணெய் இருந்ததும்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த இரண்டு பிழைக்கும் மன்னிப்பே கிடையாது. நுவரெலியாவில் ஒரு வருடம் தாங்குகிற வேலை இங்கே கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் ஒரு காலத்தைத் தாண்டாது.

ஏன் என்று பார்ப்போம். இழுபட்ட வைனைல் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். பள்ளத்துக்கு மேலே ஃபிலிமை நேராக விரித்துவிட்டு, பிறகு விரலால் உள்ளே அமத்தினால், அந்த இடத்தில் அது இழுபட்டுத்தான் உள்ளே போகிறது. அன்றைக்குப் பசை பிடித்துவிடும், பார்க்கவும் வடிவாக இருக்கும். மறுநாள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 பாகை செல்சியஸ் வரை சூடேறும். பசை இளகிப் பிடியைத் தளர்த்துகிற அதே நேரத்தில் வைனைல் சுருங்கத் தொடங்கும். பள்ளத்தில் தூக்குவதும் மூலையில் பின்வாங்குவதும் இதனால்தான். இதற்கு மேல் சூப்பர் குளூ வைத்தால் பனலில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு படலம் படியும். அதை எடுப்பது பெரும்பாடு. அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஃபிலிம் வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடும். வைனைலில் இரண்டு வகை உண்டு. காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி, அடுப்பில் உலர்த்தி எடுப்பது. செய்யும்போது இழுபடாததால் சுருங்கும் குணம் குறைவு, வளைவுகளுக்கு மெதுவாக இணங்கும். கலண்டர்ட் என்பது சூடான உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்து எடுப்பது. இழுவையோடு பிறந்ததால் சூடு கண்டதும் சுருங்கப் பார்க்கும். பெயர்ப்பலகைக் கடைகளிலும் முச்சக்கரவண்டி அலங்காரக் கடைகளிலும் அடிக் கணக்கில் வெட்டித் தருவது அநேகமாக இந்த இரண்டாவது வகை. தட்டையான பனலுக்கு அதுவும் போதும், வளைவுக்கு வேண்டாம். 3எம் 2080, ஏவரி டெனிசன் எஸ்டபிள்யூ900 போன்றவை காஸ்ட் வகை. ஆனால் ரோலின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், போலி நிறைய உண்டு. பின்தாளைக் கொஞ்சம் உரித்துப் பசைப் பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய வலைக்கோடுகள் தெரிந்தால் அது காற்று வெளியேறும் வாய்க்கால் உள்ள ஃபிலிம். முதன்முதல் ஒட்டுகிறவர்களுக்கு இது இல்லாமல் சரிவராது.

முதல் முயற்சிக்கு மெட் (மினுக்கமில்லாத) நிறமோ கார்பன் டிசைனோ எடுங்கள். பளபளக்கும் கறுப்பு வேண்டாம், அடியில் மாட்டிய ஒரு மணல் துணிக்கையைக்கூட அது காட்டிக்கொடுக்கும். நம்ம பக்கத்து வீடுகளில் மணல் இல்லாத இடம் எது? பிரஷ்ட் அலுமினியம், மரக்கோட்டு டிசைன்களுக்குத் திசை உண்டு. எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டியிருப்பதால் கழிவு கூடும். டாஷ்போர்டின் மேற்பகுதிக்கு எந்தப் பளபளப்பும் கூடாது. காலையில் மட்டக்களப்பு டவுனில் இருந்து கல்லடிப் பாலம் வழியாகக் கடற்கரைப் பக்கம் ஓட்டினால் சூரியன் முன்னால் நிற்கும். டாஷ்போர்டின் மினுக்கம் முன் கண்ணாடியில் விழுந்தால் றோட்டே தெரியாது.

அளவு: இந்த வகை ஃபிலிம் பொதுவாக 1.52 மீற்றர் அகலத்தில் வரும். நாலு கதவுச் சுவிட்ச் பனல், நடுப் பனல், இரண்டு பக்க நீள் பட்டி என்று பார்த்தால், ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிவர 5 சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டினாலும், சிறிய காருக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் போகும். ஆகவே 1 மீற்றர் நீளம் வாங்கினால் ஒரு பனல் பிழைத்தாலும் திரும்ப ஒட்ட மிச்சம் இருக்கும். அந்தக் கூடுதல் 5 சென்ரிமீற்றரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பிடித்து ஒட்ட விளிம்பு இல்லாவிட்டால், கை தானாக ஃபிலிமை இழுக்கத் தொடங்கிவிடும்.

ஒட்டக்கூடாத இடங்களைக் கழற்றத் தொடங்கும் முன்னமே ஒதுக்கிவிடுங்கள். ஸ்டியரிங்கின் நடு மூடி, பயணி பக்கம் ஏர்பேக் இருக்கும் டாஷ்போர்ட் பகுதி, கர்ட்டன் ஏர்பேக் உள்ள வாகனங்களில் முன் தூண் மூடி. ஏர்பேக் வெடிக்கும்போது மூடி கிழிவதற்கென்றே அடியில் மெல்லிய கோடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் மேல் இழுபடும் வைனைல் ஒன்றைப் போர்த்தினால், அது எப்படி, எந்தப் பக்கம் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாஷ்போர்டின் மேல் கறுப்புக் குமிழ் மாதிரி இருக்கும் வெயில் சென்சரையும் மூட வேண்டாம், ஏசி குழம்பும். கியர் நொப், கதவை இழுக்கும் பிடி போன்றவற்றுக்கு ஒட்டலாம்தான், ஆனால் நிலைக்காது. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் கை வியர்வையும் விளிம்பால் உள்ளே போய்விடும்.

பனலைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். வாகனத்தில் இருக்கும்போதே ஒட்டி விளிம்பைக் கட்டரால் வெட்டினால், வெட்டுக் கோடு சரியாகக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கும், அங்கிருந்துதான் கிளம்பும். பிளாஸ்டிக் நெம்பி ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்குரூ ட்ரைவரால் நெம்பினால் பனலில் பதியும் காயம் ஸ்டிக்கருக்கு மேலாகவும் தெரியும். கிளிப்புகள் குளிரில் உடையும், இளஞ்சூட்டில் வளையும். அதனால் கழற்றும் வேலையைப் பின்னேரத்தில் வைத்துக்கொண்டு, ஒட்டுவதை மறுநாள் விடியற்காலைக்கு விடுங்கள். ஸ்குரூக்கள் பெரும்பாலும் பிடியின் உள்ளே சின்ன மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பனல் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் ஸ்குரூவைத் தேடுங்கள். கழன்ற பிறகு சில கிளிப்புகள் கதவின் துவாரத்திலேயே தங்கிவிடும். அவற்றைப் பிடுங்கிப் பனலில் திரும்பக் கொழுவாமல் பொருத்தினால், பிறகு றோட்டில் கடகடவென்று சத்தம் போடும்.

கதவுப் பனலுக்கு இக்னிஷனை நிறுத்தினால் போதும். நடுப் பனலில் ஏர்பேக் விளக்கு, ஹசார்ட் சுவிட்ச் போன்றவற்றின் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைப் போடாதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்து பதிவாகிவிட்டால், அதை அழிக்க ஸ்கானர் வைத்திருக்கும் கராஜுக்குப் போக வேண்டி வரும். ஏர்பேக் வயருக்கு அருகில் கை போக வேண்டிய வேலை என்றால் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, டொயோட்டா கையேடுகள் சொல்வதுபோலக் குறைந்தது 90 விநாடி பொறுக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் இருந்து வந்த பல டொயோட்டாக்களின் நவிகேஷன் செட் பற்றரி கழன்றதும் பூட்டிக்கொண்டு, திறக்க ஈஆர்சி எனும் கோட் கேட்கும். அக்வா, அக்சியோ, பிரியஸ் வைத்திருப்பவர்கள் பற்றரியைத் தொடும் முன் அந்தக் கோடும் மெப் எஸ்டி கார்ட்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் பனலுக்காகப் பற்றரியைக் கழற்றி, பாட்டுப் பெட்டியை இழந்தவர்கள் பலர்.

பழைய ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். ஹெயார் ட்ரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பனலோடு படிகிற மாதிரித் தாழ்த்தி, மெதுவாக உரியுங்கள். நிமிர்த்தி இழுத்தால் பசை பனலிலேயே தங்கிவிடும், வெள்ளிப் பெயின்ட்டும் கூட வரக்கூடும். மிஞ்சிய பசையை அதே ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். தின்னர், பெற்றோல் இரண்டும் பனலுக்கு ஆகாது. தின்னர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்து வெடிக்க வைக்கும்.

அடுத்தது சுத்தம் செய்வது. இதில் ஒட்டுவதைவிட அதிக நேரம் போனால் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். டாஷ்போர்ட் பொலிஷில் இருக்கும் சிலிக்கன் எண்ணெய் பனலின் மயிரிழைக் கீறல்களுக்குள் எல்லாம் போயிருக்கும். முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷால் மூலை, விளிம்பு, பின்பக்க உதடு எல்லாம் தேயுங்கள். சுவிட்சுகளைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர். அலசிக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் ஒரு துணியில் துடைத்து, அது ஆவியாகும் முன் வேறு உலர்ந்த துணியால் எடுங்கள். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெயை இடம் மாற்றியதோடு சரி. பார்மசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குவதானால், சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். ஒரு சொட்டை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். மங்கலாக வட்டம் தெரிந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. பனல் சுத்தமா என்று அறியச் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் சுத்தம். சேப்பம் இலைத் தண்ணீராக முத்து முத்தாய் உருண்டால் திரும்பக் கழுவுங்கள்.

சொரசொரப்பான பிளாஸ்டிக் பற்றியும் சொல்ல வேண்டும். கதவுத் தட்டிலும் டாஷ்போர்டிலும் இருக்கும் தோல் மாதிரியான மேற்பரப்பில் பசை மேடுகளை மட்டும்தான் தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். அதோடு அவை பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் வகை, எந்தப் பசையையும் இலகுவில் ஏற்காதது. 320 நம்பர் மணல்தாளும் பிறகு 600 நம்பரும் தேய்த்து, பிரைமர் (பசையின் பிடியைக் கூட்டும் திரவம்) பூசி ஒட்ட வழி உண்டு. ஆனால் அந்தப் பனலை இனிப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வழுவழுப்பான வெள்ளி, கறுப்பு, மரக்கலர் பனல்களோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

இடமும் நேரமும். மாசிக்குப் பிறகு, மழை ஓய்ந்து கச்சான் தொடங்கும் வரையுள்ள காலம் நல்லது. மற்றக் காலத்தில் விடியற்காலை. 3எம் போன்றவர்கள் ஒட்டும் மேற்பரப்பு ஏறக்குறைய 16 முதல் 32 பாகைக்குள் இருக்கச் சொல்கிறார்கள். இங்கே பகல் பத்து மணிக்குப் பிறகு, வெளியில் இருக்கும் பனல் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சூடான பனலில் பசை தொட்ட உடனே பிடிக்கும், தூக்கித் திருத்த இடம் தராது. அறைக்குள், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வேலை செய்யுங்கள். கச்சான் வீசும் வறண்ட நாட்களில் பின்தாளை வேகமாக உரித்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மெதுவாக உரியுங்கள்.

இப்போது சுவிட்ச் பனல் ஒன்றை எடுப்போம். தண்ணீர் தெளித்து ஒட்ட வேண்டாம். கண்ணாடி டின்ட் ஒட்டுகிற பழக்கத்தில் பலர் சவர்க்காரத் தண்ணீர் அடிக்கிறார்கள். காற்று வாய்க்கால் உள்ள ஃபிலிமில் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குள் புகுந்து பசையைக் கெடுக்கும். பின்தாளை முழுதும் உரித்து, இருவர் நாலு மூலையையும் பிடித்து, தொய்வில்லாமல் ஆனால் இழுக்காமல் பனலின் மேல் மெதுவாக இறக்குங்கள். உயரமான தட்டையான பகுதியின் நடுவில் பெருவிரலால் ஒரு தொடு. அங்கிருந்து ஃபெல்ட் ஒட்டிய ஸ்கூவீஜியை (தேய்த்து ஒட்டும் பிளாஸ்டிக் தகடு) 45 பாகை சாய்வில் பிடித்து, ஒவ்வொரு கோட்டிலும் பாதி முந்திய கோட்டின் மேல் படுகிற மாதிரி வெளிப்பக்கம் தள்ளுங்கள். சுருக்கம் வந்தால் அதன் மேல் தேய்க்காதீர்கள். அந்தப் பக்கத்தை மெதுவாகத் தூக்கி, கையில் பிடித்தபடி ஹெயார் ட்ரையர் காட்டினால், ஃபிலிம் தானே சுருங்கிச் சமனாகும். சுருக்கம் போவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு திரும்ப இறக்குங்கள்.

பள்ளத்துக்கு ஒழுங்கு மாறும். நேராக விரித்து உள்ளே அமத்தாமல், முதலில் பள்ளத்தின் அடியில் ஒட்டிவிட்டு, சுவர் ஏறி மேலே வாருங்கள். அப்போது தேவையான ஃபிலிம் வெளியில் இருந்து தளர்வாக உள்ளே போகும். பள்ளம் ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால், சுவிட்ச் பொருந்தும் குழி மாதிரி, ஒரே துண்டில் போடப் பிடிவாதம் வேண்டாம். குழிக்குத் தனித் துண்டு முதலில் ஒட்டி, பெரிய துண்டை அதன் மேல் 3 மில்லிமீற்றர் ஏற்றி முடியுங்கள். கார்பன் டிசைனில் அந்த இணைப்பு அவ்வளவாகத் தெரியாது. கேள்வி கேட்டவரின் பனலில் தூக்கி நிற்பது அநேகமாக இந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

சுவிட்ச் துவாரத்தை முழுதாக வெட்டி எடுக்காதீர்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து, மூலைகளை நோக்கி ஆங்கில Y வடிவில் வெட்டி, இதழ்களைப் பின்பக்கம் மடியுங்கள். வெட்டு மூலையின் நுனி வரை போகக்கூடாது, 2 மில்லிமீற்றர் முன்னால் நிறுத்துங்கள். இல்லையென்றால் மடிக்கும்போது மூலையில் பிளாஸ்டிக் தெரியும். கட்டர் 30 பாகை நுனி உள்ளதாக, ஒவ்வொரு பனலுக்கும் புதுநுனி உடைத்ததாக இருக்கட்டும். மொட்டைக் கட்டர் வெட்டாமல் இழுக்கும்.

வெளி விளிம்புகளில் பின்பக்கம் 8 முதல் 10 மில்லிமீற்றர் மடிய வேண்டும். வெளி மூலையில் ஃபிலிமை மூலைவிட்டமாகப் பிடித்து, சூடு காட்டி மடித்து, பின்னால் சேரும் மடிப்பை வெட்டிவிடுங்கள். பிரைமர், 3எம் 94 போன்றது, இந்தப் பின் உதட்டில் மட்டும், மெல்லிய ஒரு கோடாக. காய்ந்த பின்தான் ஃபிலிம். முன்பக்கத்தில் பட்டால் அங்கே ஒட்டியதைத் திருத்தவே முடியாது. அடுத்த பனலோடு நெருக்கிப் பொருந்தும் பக்கங்களில் முழுதாக மடிக்க வேண்டாம். ஃபிலிமின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான் என்றாலும், இரு பக்கமும் சேர்ந்தால் ஹசார்ட் பொத்தான் சிக்கிக்கொள்ளும். பொருத்தும்போது விளிம்பும் உரிபடும்.

கடைசிச் சூடுதான் எல்லோரும் விட்டுவிடுவது, அல்லது அளவுக்கு மிஞ்சிச் செய்வது. இழுபட்ட இடங்களை 90 பாகைக்கு மேல் சூடாக்கினால் வைனைல் அந்தப் புது வடிவத்திலேயே தங்கிவிடும், சுருங்கப் பார்க்காது. சரியான எண் ஃபிலிமின் தரவுத்தாளில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அடியில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய 90 முதல் 105 பாகையில் இளகத் தொடங்கும். காரின் வெளித் தகரத்துக்குச் செய்வதுபோல இங்கே செய்தால் பனல் வளைந்து, திரும்பப் பொருந்தாமல் போகும். அதனால்தான் முதலிலேயே இழுக்காதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன். இழுபடாத இடத்துக்கு இந்தச் சூடே தேவையில்லை. மடிப்புக்கும் மூலைக்கும் மட்டும் ஹீட் கன்னைத் தாழ்ந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபடி செய்யுங்கள். குரோம், பிரஷ்ட் ஃபிலிம்களில் அந்த வெப்பமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அளவெடுங்கள். ஹெயார் ட்ரையர் ஃபிலிமை மென்மையாக்கப் போதும், இந்தக் கடைசிச் சூட்டுக்குக் காணாது. 2000 வாட் ஹீட் கன் 230 வோல்ட்டில் 9 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். 5 அம்பியர் உருண்டைப் பிளக்கிலும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் கொழுவ வேண்டாம், 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகக் கொழுவுங்கள்.

சின்னக் குமிழிகள் இருந்தால் ஒரு இரவு விடுங்கள், பல தானே அடங்கும். மிஞ்சியதைத் தையல் ஊசியால் சாய்வாகக் குத்தி, பக்கத்தில் இருந்து துளையை நோக்கி விரலால் தள்ளுங்கள். கட்டரால் கீறினால் வெயிலில் அந்தக் கீறல் வாய் திறக்கும்.

பசை முழுப் பலம் பெற நேரம் வேண்டும். 24 மணித்தியாலம் பனல்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் அறைக்குள் விட்டு, பிறகு பொருத்துங்கள். முதல் ஒரு கிழமை ஈரத்துணி படக்கூடாது. அதன் பிறகு சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். டாஷ்போர்ட் பொலிஷ் அடிக்கும் பழக்கத்தை இந்தப் பனல்களுக்குப் பக்கத்தில் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நனைந்த குடையைக் கதவுத் தட்டில் செருகுவதும் கீழ் விளிம்புக்குக் கூடாது.

கடையா வீடா என்பதற்கு என் பதில்: கதவுச் சுவிட்ச் பனல் நாலையும் பக்கப் பட்டிகளையும் நீங்களே செய்யுங்கள். பின் கதவுப் பனலில் தொடங்கினால் கை பழகும், பிழைத்தாலும் ஓட்டுபவர் கண்ணில் படாது. ஏசி வாய்களும் ரேடியோவும் சேர்ந்த நடுப் பனலில் பள்ளமும் துவாரமும் கூட. கதவுகள் நாலும் ஒரு கச்சான் காலத்தைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அதில் கை வையுங்கள், அல்லது அதை மட்டும் கடையில் கொடுங்கள். கடையில் கொடுப்பதானாலும் பனலை நீங்களே கழற்றி, கழுவி, தனியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். காருக்குள் வைத்தபடியே ஒட்டித் தருகிறோம் என்று சொல்கிற இடமாக இருந்தால் அங்கே கொடுக்க வேண்டாம்.